நான் இறங்கிய ரயில்: ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் கிளாஸ் எழுதுவது பற்றி

பாலக்கோட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஓசூரில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் வேலை பார்ப்பவர், கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: ஆங்கிலத்தில் மெயில் எழுதும்போது ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ மூன்றில் எதை எங்கே போடுவது, எங்கே கமா வைப்பது? கூடவே மேனேஜரிடமிருந்து திரும்பி வந்த தன் வாக்கியங்கள் இரண்டையும் கொடுத்திருக்கிறார். ஒன்று, ‘தி கம்ப்ரஸர் விச் வி ரிசீவ்ட் இட் ஃப்ரம் சென்னை இஸ் நாட் வொர்க்கிங்’. இன்னொன்று, ‘தி ரேக் விச் வி கெப்ட் தி பார்ட்ஸ் இஸ் டேமேஜ்ட்’. முதல் வாக்கியத்துக்கு மேனேஜர் கேட்ட கேள்வி, ‘நமக்கு வந்தது எத்தனை கம்ப்ரஸர்?’ அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதே புரியவில்லை என்கிறார் தம்பி.

விச்சா தட்டா என்பது இதில் கடைசி விஷயம். இரண்டு வாக்கியத்திலும் ‘விச்’சுக்குப் பதில் ‘தட்’ போட்டுப் பாருங்கள், தப்பு அப்படியே இருக்கும். தமிழில் ‘வாங்கிய’, ‘வைத்த’ என்று ஒரே சொல்லில் முடிகிற வேலையை ஆங்கிலம் ரிலேட்டிவ் கிளாஸ் என்ற துணை வாக்கியத்தால் எப்படிச் செய்கிறது, அதில் நம் ஆட்களுக்கு எங்கே கால் இடறுகிறது? அவர் கேட்க நினைத்தது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அரசுப் பள்ளிகளில் 31 வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன். வேலையில் சேர்ந்தபோது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். இரண்டு பக்கமும் மாறுதலில் சுற்றியிருக்கிறேன். இலக்கணத்தில் எனக்குத் தெளிவு வந்தது பி.எட். வகுப்பில் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தமிழாசிரியர் மதியச் சோற்றுக்கு நடுவே சொல்லிக் கொடுத்தது. நான் மொழியியல் ஆராய்ச்சியாளன் கிடையாது. பத்திரம், ஒப்பந்தம் மாதிரி சட்ட எழுத்துக்கு நான் சொல்வதை நம்ப வேண்டாம், அதற்கு வக்கீல் இருக்கிறார். மெயில், லீவ் லெட்டர், ரிப்போர்ட், விண்ணப்பம் அளவுக்குச் சொல்ல முடியும். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கமா விஷயத்துக்கு அது நல்ல பழக்கமும்கூட.

தர்மபுரிக்காரர்களுக்குச் சென்னை ரயில் என்றால் மொரப்பூர்தான். அங்கிருந்தே தொடங்குவோம். நான் ஏறிய ரயில், நான் இறங்கிய ரயில், நான் தவறவிட்ட ரயில், நான் காத்திருந்த ரயில், நான் தூங்கிய ரயில். ஐந்திலும் வினைச்சொல் ‘ய’, ‘ட்ட’, ‘ந்த’ என்று ஏதோ ஒரு விதமாக முடிந்து ரயிலைப் பிடித்துக்கொள்கிறது. ரயிலுக்கும் எனக்கும் என்ன உறவு என்று தமிழ் எங்கேயும் சொல்லவில்லை. ரயிலில் ஏறினேன், ரயிலிலிருந்து இறங்கினேன், ரயிலைத் தவறவிட்டேன், ரயிலுக்காகக் காத்திருந்தேன் என்று வாக்கியமாகச் சொன்னால் இல், இலிருந்து, ஐ, காக என வேற்றுமை உருபுகள் வருகின்றன. பெயரெச்சமாக, அதாவது பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொள்ளும் வினையாக, மாற்றியதும் அந்த உருபுகள் எல்லாம் விழுந்துவிடுகின்றன. கேட்பவர் தாமே ஊகித்துக்கொள்கிறார். ‘வந்த ரயில்’ என்றால் வந்தது ரயில். ‘நான் வந்த ரயில்’ என்றால் வந்தது நான். ஒரு குழந்தைகூட இதில் குழம்புவதில்லை.

நம் இலக்கணக்காரர்கள் இதைத் தெளிவாகக் கண்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட வீடு, உண்ட ஊண், உண்ட நாள், உண்ட சோறு. வினை ஒன்றுதான், பின்னால் வரும் பெயர் மட்டும் மாறுகிறது. என் நண்பர் தமிழாசிரியர் இதைச் சொன்ன அன்று நான் கேட்டேன், ‘ஐயா, இந்த ஆறையும் இங்கிலீஷில் சொன்னால் என்ன ஆகும்?’ சாப்பாட்டை மறந்து இரண்டு பேரும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் ஆறும் ஒரே மாதிரி வரவில்லை. சாத்தனுக்கு ‘ஹூ ஏட்’, கலத்துக்கு ‘ஹி ஏட் ஃப்ரம்’, வீட்டுக்கு ‘வேர் ஹி ஏட்’, சோற்றுக்கு ‘ஹி ஏட்’ மட்டும். தமிழ் சொல்லாமல் விட்ட உறவை ஆங்கிலம் ஒவ்வொரு தடவையும் எங்காவது சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தின் வழி இது. முதலில் பெயர் வரும்: ‘தி ட்ரெய்ன்’. அதன் பின்னால் ஒரு முழு வாக்கியம் வரும், ஆனால் அதில் ஒரு இடம் காலியாக இருக்கும். ‘ஐ மிஸ்ட் ___’. அந்தக் காலி இடத்தில் இருக்க வேண்டியது ரயில். அதைத்தான் முன்னாலேயே சொல்லிவிட்டோமே. ஆகவே ‘தி ட்ரெய்ன் ஐ மிஸ்ட்’. இறங்கிய ரயிலுக்கு ‘ஐ காட் டவுன் ஃப்ரம் ___’, காத்திருந்த ரயிலுக்கு ‘ஐ வெய்ட்டட் ஃபார் ___’, தூங்கிய ரயிலுக்கு ‘ஐ ஸ்லெப்ட் இன் ___’. காலி இடத்துக்கு முன்னால் நிற்கும் ‘ஃப்ரம்’, ‘ஃபார்’, ‘இன்’ ஆகியவைதான் தமிழில் விழுந்துபோன வேற்றுமை உருபுகள். ஆங்கிலத்தில் அவை விழக்கூடாது. ‘தி ட்ரெய்ன் ஐ வெய்ட்டட் ஃபார்’ என்று முடிகிறபோது வாக்கியம் அந்தரத்தில் தொங்குவது மாதிரி நமக்குத் தோன்றும். தொங்கட்டும், அதுதான் சரி.

இப்போது தம்பியின் இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள். முதல் வாக்கியத்தில் காலியாக இருக்க வேண்டிய இடத்தை ‘இட்’ போட்டு அடைத்துவிட்டார். இரண்டாவதில் காலி இடத்தோடு சேர்த்து அதற்கு முன்னால் இருந்த ‘ஆன்’ என்பதையும் தூக்கி எறிந்துவிட்டார். ஒன்றில் ஒரு சொல் அதிகம், இன்னொன்றில் ஒரு சொல் குறைவு. நான் திருத்திய விடைத்தாள்களில் ரிலேட்டிவ் கிளாஸ் தப்புகளில் பெரும்பகுதி இந்த இரண்டுதான்.

‘இட்’ எப்படி வருகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதில் எங்கள் மாதிரி வாத்தியார்களுக்கும் பங்கு இருக்கிறது. தமிழில் யாரும் ‘நாங்கள் அதை வாங்கிய மெஷின்’ என்று சொல்வதில்லை. ஆக இதைத் தாய்மொழி தலையில் கட்ட முடியாது. இரண்டு வாக்கியம் கொடுத்து ‘ரிலேட்டிவ் ப்ரோனவுன் போட்டு இணைக்கவும்’ என்று பயிற்சி கொடுத்தோமே, அதைப் பாருங்கள். ‘திஸ் இஸ் தி மெஷின். வி ரிசீவ்ட் இட்.’ நடுவில் இருந்த புள்ளியை எடுத்துவிட்டு ‘விச்’ வைக்கிறான் பையன்; ‘இட்’டை எடுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இரண்டு மதிப்பெண்ணில் அரை மதிப்பெண் போகும், அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து அதே ‘இட்’ ஓசூரில் ஒரு மெயிலில் வந்து உட்காருகிறது.

ஆனால் ‘ஆன்’, ‘இன்’, ‘ஃப்ரம்’ விழுவது நேராகத் தமிழிலிருந்து வருவது. இதில் சந்தேகமே இல்லை. நான் முதன்முதலில் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில் ‘தி காலேஜ் விச் ஐ ஸ்டடீட்’ என்று எழுதியிருந்தேன். நான் படித்த கல்லூரி, வார்த்தைக்கு வார்த்தை. நேர்காணலில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, ‘கல்லூரியையே ஆராய்ச்சி செய்தீர்களா?’ என்று கேட்டார். காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் சொன்னது சரிதான்: ‘இன்’ இல்லாவிட்டால் ‘ஸ்டடீட்’ என்பதற்குப் பிறகு உள்ள காலி இடத்தில் கல்லூரி போய் உட்கார்ந்து, படிக்கப்பட்ட பொருளாகிவிடுகிறது. ‘தி காலேஜ் ஐ ஸ்டடீட் இன்’ அல்லது ‘தி காலேஜ் வேர் ஐ ஸ்டடீட்’. ‘வேர்’ போட்டால் ‘இன்’ வேண்டாம், ஏனென்றால் ‘வேர்’ என்பதற்குள்ளேயே ‘இல்’ இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ‘வேர் ஐ ஸ்டடீட் இன்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, அவர்கள் ஜாக்கிரதைக்காரர்கள்.

வாக்கியம் ‘இன்’, ‘ஃபார்’ என்று முடியலாமா, அது தப்பு என்று படித்தோமே என்பீர்கள். அந்தத் தடைக்கு வயது சுமார் மூன்றரை நூற்றாண்டு. 1672இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், தனக்கு முந்தைய பென் ஜான்சனின் வரி ஒன்றில் இதைக் குற்றமாகச் சொன்னார். பின்னால் வந்த பள்ளி இலக்கணங்கள் அதைச் சட்டமாக்கின. ஆங்கிலேயர்கள் அவருக்கு முன்னாலும் அப்படி எழுதினார்கள், பின்னாலும் எழுதுகிறார்கள். ‘தி ரேக் ஆன் விச் வி கெப்ட் தி பார்ட்ஸ்’ என்றும் எழுதலாம், அது கொஞ்சம் கோட் சூட் போட்ட நடை. அன்றாட மெயிலுக்கு ‘தி ரேக் வி கெப்ட் தி பார்ட்ஸ் ஆன்’ போதும். ஒன்று மட்டும் நிச்சயம்: ‘ஆன் தட்’, ‘இன் தட்’ என்று எழுத முடியாது. ‘தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்’ என்பது எந்த நாட்டு ஆங்கிலத்திலும் இல்லை. இதையும் ஒரு சான்றாக வைத்துத்தான், 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூல் ‘தட்’ என்பது ‘ஹூ’, ‘விச்’ மாதிரிப் பிரதிப்பெயரே (ப்ரோனவுன்) இல்லை, வெறும் இணைப்புச் சொல் என்று வைக்கிறது. பள்ளிப் புத்தகங்கள் இன்னும் அதைப் பிரதிப்பெயர் வரிசையில்தான் வைத்திருக்கின்றன. பெயர் எதுவானாலும் பயன்பாடு மாறப்போவதில்லை.

மேலே ‘தி ட்ரெய்ன் ஐ மிஸ்ட்’ என்று எழுதும்போது ‘விச்’சும் இல்லை, ‘தட்’டும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காலி இடம் எழுவாயாக இல்லாதபோது, கமா இல்லாத துண்டில், ரிலேட்டிவ் சொல்லையே விட்டுவிடலாம். எழுவாய் இடம் காலியாக இருந்தால் விடக்கூடாது. ‘நேற்று வந்த ஆள் என் மாமா’ என்பதை ‘தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்’ என்று எழுதினால், படிப்பவர் ‘ஆள் நேற்று வந்தார்’ என்று ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, அப்புறம் ‘இஸ்’ஸில் தடுக்கி விழுவார். அங்கே ‘ஹூ கேம்’ வேண்டும். இதன் தம்பி மாதிரி ஒரு தப்பு இருக்கிறது. ‘தி பார்ட்ஸ் ரிசீவ்ட் யெஸ்டர்டே’ சரி. அதைப் பார்த்து ‘தி பார்ட்ஸ் அரைவ்ட் யெஸ்டர்டே ஆர் ரஸ்ட்டி’ என்று எழுதுவார்கள், அது தப்பு. பெறப்பட்ட என்று சொல்ல முடியும், ‘வரப்பட்ட’ என்று சொல்ல முடியாது அல்லவா? செயப்பாட்டுக்கு இடம் கொடுக்காத வினைக்கு இந்தச் சுருக்கம் வராது. ‘தட் அரைவ்ட்’ என்று முழுசாக எழுத வேண்டும்.

ஓசூர்ப் பக்கம் வேலை பார்த்த வருஷங்களில் வேடிக்கையான ஒன்றைக் கவனித்தேன். ஒரே வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள், தெலுங்கு பேசுபவர்கள், கன்னடம் பேசுபவர்கள், உருது பேசுபவர்கள் என நாலு வகை இருப்பார்கள். தெலுங்கு, கன்னடப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள் செய்த அதே தப்பைச் செய்தார்கள், அதாவது ‘இன்’, ‘ஃப்ரம்’ காணாமல் போகும். அவர்கள் மொழிகளிலும் நம்மைப் போலவே வினை முன்னால் வந்து பெயரைப் பிடிக்கும், உறவைச் சொல்லாது. உருதுப் பிள்ளைகளின் தப்பு வேறு: ‘தி பாய் ஹூ கேம், ஹி இஸ் மை ஃப்ரெண்ட்’. உருதுவில் ‘ஜோ’ என்று தொடங்கி ‘வோ’ என்று முடிக்கும் ஜோடி இருக்கிறது, அதுதான் ‘ஹி’யாக எட்டிப் பார்க்கிறது. என் வகுப்பறையில் பார்த்ததைத்தான் சொல்கிறேன், எண்ணிக் கணக்கெடுத்தது இல்லை. நம்மிடமும் அந்த ஜோடி இல்லாமல் இல்லை. ‘யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு’ என்கிறோமே, அதுதான். ரேஷன் கடையிலும் அரசு அறிவிப்பிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, மேனேஜரின் கேள்விக்கு வருவோம். தம்பிக்குப் புரியாமல் போனது இதுதான், எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

‘மத்தூரில் இருக்கும் என் தம்பிக்குக் கல்யாணம்’ என்று சொல்கிறேன். எனக்கு எத்தனை தம்பி? இந்த வாக்கியத்திலிருந்து தெரியாது. ஒரே தம்பி, அவன் மத்தூரில் இருக்கிறான் என்பது கூடுதல் தகவலாக இருக்கலாம். மூன்று தம்பிகள், அதில் மத்தூர்க்காரனுக்குக் கல்யாணம் என்றும் இருக்கலாம். தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயரெச்சத்தைத்தான் கொடுக்கும், நாமும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எழுத்து ஆங்கிலம் கவலைப்படும். ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மத்தூர்’ என்று கமா இல்லாமல் எழுதினால் எனக்கு வேறு தம்பிகளும் உண்டு, இவன் மத்தூர்க்காரன் என்று பொருள். ‘மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மத்தூர், இஸ் கெட்டிங் மேரீட்’ என்று இரண்டு கமா வைத்தால் எனக்கு ஒரே தம்பி. நான் ஒருமுறை கமா இல்லாமல் லீவ் லெட்டர் கொடுத்தேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த தலைமையாசிரியர், ‘மற்ற தம்பிகள் கல்யாணத்துக்கும் இந்த வருஷமே லீவ் கேட்பீர்களா?’ என்றார். எனக்கு இருப்பது ஒரு தம்பிதான்.

இது சும்மா நாகரிகத்துக்கு வைக்கும் கமா இல்லை, பணம் போகும் கமா. கிருஷ்ணகிரிப் பக்கம் சீசனில் மாங்கூழ் ஆலைகளுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘தி லாரீஸ் தட் கேம் லேட் வெர் சென்ட் பேக்’ என்றால் தாமதமாக வந்தவற்றை மட்டும் திருப்பினார்கள். நேரத்துக்கு வந்தவை உள்ளே போய்விட்டன. ‘தி லாரீஸ், விச் கேம் லேட், வெர் சென்ட் பேக்’ என்றால் வந்த அத்தனை லாரியும் தாமதம், அத்தனையும் திரும்பிப் போயின. பெங்களூரா மாம்பழம் ஏற்றி வந்தவர் கணக்கு கேட்கும்போது இந்த இரண்டும் ஒன்றாக இருக்காது. தமிழில் ‘தாமதமாக வந்த லாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்’ என்றால் சாதாரணமாக முதல் பொருளைத்தான் எடுத்துக்கொள்வோம். இரண்டாவது பொருள் வேண்டுமென்றால் ‘லாரிகள் எல்லாம் தாமதமாக வந்தன, அதனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்’ என்று உடைத்துச் சொல்வோம்.

கமா வேண்டுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் துண்டு முக்கியமா இல்லையா என்று கேட்காதீர்கள், பல புத்தகங்கள் அப்படிச் சொல்லித்தான் குழப்புகின்றன. மத்தூர் தகவல் முக்கியமாகவே இருக்கலாம், பத்திரிகை அங்கேதானே கொடுக்க வேண்டும்! கேட்க வேண்டியது வேறு. அந்தத் துண்டை எடுத்துவிட்டால் படிப்பவர் ‘எது?’, ‘எவர்?’ என்று கேட்பாரா? கேட்பார் என்றால் கமா வேண்டாம், துண்டுதான் ஆளை அடையாளம் காட்டுகிறது. கேட்க மாட்டார் என்றால் கமா. ஊர்ப் பெயர், ஆள் பெயர் மாதிரி ஒன்றே ஒன்றாக இருப்பவற்றுக்கு அடையாளம் காட்டத் தேவையில்லை, ஆகவே கமா வரும். ‘கிருஷ்ணகிரி, விச் பிகேம் எ செபரேட் டிஸ்ட்ரிக்ட் இன் 2004’, ‘தர்மபுரி, விச் வாஸ் பார்ட் ஆஃப் சேலம் டிஸ்ட்ரிக்ட் அன்டில் 1965’. இரண்டு கமாவில் ஒன்றை மட்டும் வைத்து இன்னொன்றை மறந்துவிடுவது அதிகம் நடக்கிறது. அவை அடைப்புக்குறி மாதிரி. திறந்ததை மூட வேண்டும்.

இதை வைத்து ‘தட்’, ‘விச்’ விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கமாவோடு வரும் துண்டில் ‘தட்’ போடாதீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் இது ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்வது. கமா இல்லாத துண்டில் ‘தட்’ போடலாம், ‘விச்’சும் போடலாம், இங்கேதான் சண்டை. கமா இல்லையென்றால் ‘தட்’ மட்டும்தான் என்று அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்த யோசனையைப் பரப்பியவரோ ஓர் ஆங்கிலேயர், ஹென்றி ஃபௌலர். 1926இல் வந்த தன் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில், இப்படிப் பிரித்துக்கொண்டால் தெளிவாக இருக்கும் என்றார். பெரும்பாலோர் அப்படி எழுதுவதில்லை, சிறந்த எழுத்தாளர்களும் அப்படி எழுதுவதில்லை என்று அவரே கூடவே ஒப்புக்கொண்டார். பிரிட்டனில் இன்றும் இரண்டும் ஓடுகிறது. நாம் படித்தது பிரிட்டிஷ் வழி, நம் கம்ப்யூட்டரில் இருப்பது அமெரிக்க வழி. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் வேர்ட் உங்கள் ‘விச்’சுக்குக் கீழே கோடு போட்டுப் பயமுறுத்துகிறது. கம்பெனிக்கு அமெரிக்க வாடிக்கையாளர் இருந்தால் ‘தட்’ போட்டுவிடுங்கள், வம்பில்லை. இல்லாவிட்டால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’ என்பது இன்று உறுதியான வழக்கம். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் பரமண்டல ஜெபம் ‘அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்’ என்றுதான் தொடங்குகிறது. கடவுளுக்கே ‘விச்’! ‘ஹூம்’ என்பது பேச்சில் கிட்டத்தட்டப் போய்விட்டது. எழுத்தில் ‘டு’, ‘வித்’, ‘ஃப்ரம்’ இவற்றுக்கு அடுத்து வரும்போது மட்டும் கட்டாயம்: ‘தி சப்ளையர் டு ஹூம் வி பெய்ட் தி மனி’. சர்ட்டிஃபிகேட் தலையில் ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்று வாங்கியிருப்பீர்கள். ‘இது யாரைச் சேருமோ அவருக்கு’ என்ற நம் ஜோடி வாக்கியம்தான் அது, ‘அவருக்கு’ மட்டும் தொலைந்துபோய்விட்டது. ‘ஹூஸ்’ ஆளுக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு, பொருளுக்கும் வரும். கால் உடைந்த நாற்காலி, ‘எ சேர் ஹூஸ் லெக் இஸ் ப்ரோக்கன்’. நான் எழுதினால் ‘எ சேர் வித் எ ப்ரோக்கன் லெக்’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். எல்லாப் பெயரெச்சமும் ரிலேட்டிவ் கிளாஸாகத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மெயில்களில் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. ‘தி லாரி கேம் லேட், விச் அப்செட் எவ்ரிபடி’. இங்கே ‘விச்’ லாரியைச் சுட்டவில்லை, தாமதமாக வந்தது என்ற முழு விஷயத்தையும் சுட்டுகிறது. பெயரெச்சத்தால் செய்ய முடியாத வேலை இது, நாம் ‘அது’ என்று தனியாகச் சொல்வோம். சரியான ஆங்கிலம்தான், கமா கட்டாயம். ஆனால் ‘ஹி சென்ட் தி ரிப்போர்ட், விச் சர்ப்ரைஸ்ட் மீ’ என்றால் ஆச்சரியம் ரிப்போர்ட்டைப் பார்த்தா, அவர் அனுப்பியதைப் பார்த்தா? சந்தேகம் வருகிற இடத்தில் புள்ளி வைத்துவிட்டு ‘திஸ்’ஸில் புது வாக்கியம் தொடங்குங்கள். புள்ளி வைத்துவிட்டு ‘விச் இஸ் நாட் அக்செப்டபிள்’ என்று தொடங்குகிறவர்கள் நம் அலுவலகங்களில் நிறைய. எனக்கு அது படியேறும்போது ஒரு படி காணாமல் போன மாதிரி இருக்கும். அதே மாதிரி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு டைப் அடிப்பவர்களிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொண்ட ‘வேர்இன்’, ‘வேர்பை’, ‘தி செய்ட்’ எல்லாம் கம்பெனி மெயிலுக்குத் தேவையே இல்லை. எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன 1792க்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து இறங்கிய ஆபீஸ் நடை அது. அவர்கள் போய்விட்டார்கள், நடை போகவில்லை.

தம்பி, உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன். ரேக் வாக்கியம் சுலபம்: ‘தி ரேக் வி கெப்ட் தி பார்ட்ஸ் ஆன் இஸ் டேமேஜ்ட்’. கம்ப்ரஸர் வாக்கியத்தில் ‘இட்’டை எடுத்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அதை நான் தீர்க்க முடியாது. உங்கள் ஷெட்டில் பல கம்ப்ரஸர்கள் இருந்து, சென்னையிலிருந்து வந்தது மட்டும் ஓடவில்லை என்றால், ‘தி கம்ப்ரஸர் வி ரிசீவ்ட் ஃப்ரம் சென்னை இஸ் நாட் வொர்க்கிங்’, கமா இல்லாமல். இருப்பதே அந்த ஒன்றுதான் என்றால், ‘தி கம்ப்ரஸர், விச் வி ரிசீவ்ட் ஃப்ரம் சென்னை, இஸ் நாட் வொர்க்கிங்’. நீங்கள் கமா வைக்கவில்லை. அதனால் இன்னும் சில கம்ப்ரஸர்கள் வந்திருக்கின்றன என்று உங்கள் மேனேஜர் எடுத்துக்கொண்டார், எத்தனை என்று கேட்டார். ஷெட்டுக்குள் போய் எண்ணிப் பார்த்துவிட்டு மெயிலைத் திரும்ப அனுப்புங்கள்.